ஜே.பி. சந்திரபாபு: தமிழ் சினிமாவுக்கு ராக் அண்ட் ரோலை அழைத்து வந்த தூத்துக்குடிக்காரரை எந்தப் பாட்டிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

திருவனந்தபுரத்தில் வேலை. வெள்ளிக்கிழமை மாலை ரயிலைப் பிடித்து நாகர்கோவில், நெல்லை, தூத்துக்குடி என்று ஊருக்குக் கிளம்பும் ஆளா நீங்கள்? அப்படியென்றால் உங்கள் ஹெட்போனில் எல்விஸ் பிரெஸ்லியோ சக் பெர்ரியோ இருக்க வாய்ப்பு உண்டு. அவர்கள் காலத்திலேயே, அதே துள்ளலை உங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவர் தமிழில் பாடியிருக்கிறார். அவர் ஜே.பி. சந்திரபாபு.

சந்திரபாபு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இரண்டு விஷயங்கள்தான். ஒன்று, காமெடி. இன்னொன்று, கடைசிக் காலத்தின் சோகம். இந்த இரண்டுக்கும் நடுவில் அவருடைய குரல் காணாமல் போய்விடுகிறது. அந்தக் குரலைப் பற்றித்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ராக் அண்ட் ரோல் என்றால் என்ன?

ஒரு சின்னச் சோதனை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே கை தட்டுங்கள். நம் பழக்கத்தில் முதல் எண்ணில்தான் அழுத்தம் விழும். இப்போது அந்த அழுத்தத்தை இரண்டிலும் நான்கிலும் கொடுத்துப் பாருங்கள். கால் தானாக ஆடும். ராக் அண்ட் ரோலின் அடிப்படை அதுதான். கறுப்பின மக்களின் புளூஸ் இசையில் கிளம்பி, வெள்ளையர்களின் கன்ட்ரி இசையோடு கலந்து உருவானது அது.

1954இல் பில் ஹேலி 'ராக் அரவுண்ட் தி கிளாக்' பாட்டைப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு ஒரு ஹாலிவுட் படத்தில் இடம்பெற்று உலகம் முழுக்கப் பரவியது. எல்விஸின் முதல் இசைத்தட்டு வந்ததும் 1954இல்தான். லிட்டில் ரிச்சர்டின் 'டூட்டி ஃப்ரூட்டி' 1955. சக் பெர்ரியின் 'ஜானி பி. குட்' 1958. இந்தியாவில் 1957இல் 'ஆஷா' படத்துக்காக சி. ராமச்சந்திரா இசையில் கிஷோர் குமார் பாடிய 'ஈனா மீனா டீக்கா' வந்தது. அதே வருடங்களில்தான் சென்னையிலும் ஒருவர் மைக் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

கொழும்பு கொடுத்த காது

1927இல் தூத்துக்குடியில் பிறந்தவர் சந்திரபாபு. முழுப்பெயர் ஜோசப் பனிமயதாஸ் சந்திரபாபு. ஊரின் பனிமய மாதா அந்தப் பெயரிலேயே இருக்கிறார். தந்தை ரோட்ரிக்ஸ் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர். குடும்பம் இலங்கைக்குப் போக நேர்ந்தது. அதனால் பையனின் பள்ளிப்படிப்பு கொழும்பில்.

அன்றைய கொழும்பு பல மொழிகளும் பல இசைகளும் புழங்கிய துறைமுக நகரம். ஆங்கில இசைத்தட்டுகள், போர்த்துகீசிய வேர் கொண்ட பைலா, தேவாலயப் பாடல்கள் எல்லாமே அங்கே காதில் விழும். 1943 வாக்கில் குடும்பம் சென்னை திருவல்லிக்கேணிக்கு வந்தபோது, மற்ற நடிகர்களிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது. மேலை இசையை அவர் பாட்டு வாத்தியாரிடம் கற்கவில்லை, கேட்டே வளர்ந்திருந்தார்.

ஆனால் கோடம்பாக்கம் உடனே கதவைத் திறக்கவில்லை. 1947இல் 'தன அமராவதி' படத்தில் சின்ன வேடம். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அலைச்சல். 1952இல் ஜெமினி ஸ்டூடியோவில் வாய்ப்புக் கிடைக்காத விரக்தியில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். காப்பாற்றப்பட்டார், வழக்கையும் சந்தித்தார். பிறகு அதே ஜெமினியின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் நடித்தார்.

முதலில் அடையாளம் காணப்பட்டது குரல்தான்

அவர் நட்சத்திரம் ஆவதற்கு முன்பே அவருடைய குரலை மற்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். 1954இல் வந்த 'கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி' படத்தில் 'ஜாலி லைஃப்' பாட்டை சிவாஜி கணேசனுக்காகப் பாடினார். அதே ஆண்டு 'பெண்' படத்தில் வீணை எஸ். பாலசந்தருக்காகவும் பாடினார். வீணை மேதை ஒருவர் திரையில் வாயசைக்க, பின்னால் மேலை பாணியில் ஒரு குரல்!

அதன்பிறகு தனக்குத்தானே பாடி, ஆடி, சிரிக்கவைத்தார். நெஞ்சுக் குரலிலிருந்து சட்டென்று மெல்லிய உச்சக் குரலுக்குத் தாவித் திரும்பும் யோடலிங்கைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டு வந்தவர்களில் அவர் முக்கியமானவர்.

எதிலிருந்து தொடங்கலாம்?

சந்திரபாபு பாடிய எல்லாமே ராக் அண்ட் ரோல் இல்லை. ஆங்கில பாப், லத்தீன் தாளம், நம்ம ஊர் மெட்டு எல்லாம் கலந்திருக்கும். அதனால் இந்த வரிசையில் கேட்டுப் பாருங்க.

முதலில் 'பதிபக்தி' (1958). பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதி, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையமைத்த படம் இது. இதில் வி.என். சுந்தரத்தோடு சேர்ந்து அவர் பாடியது 'ராக் ராக் ராக்'. அமெரிக்காவில் 'ஜானி பி. குட்' வந்த அதே வருடம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

அடுத்து 'புதையல்' (1957) படத்தின் 'உனக்காக எல்லாம் உனக்காக'. காதலுக்காக எதையும் செய்வேன் என்று கெஞ்சும் ஒருவனின் பாட்டு. வார்த்தை சுத்தமான தமிழ், நடை மட்டும் மேற்கத்தியம். மூன்றாவது 'மரகதம்' (1959) படத்தில் ஜமுனா ராணியுடன் பாடிய 'குங்குமப் பூவே'. இந்த இரண்டு படங்களுக்கும் கதாநாயகி, நீங்கள் வேலை பார்க்கும் அதே திருவனந்தபுரத்தில் பிறந்த பத்மினி.

பிறகு 'சகோதரி' (1959) படத்தின் 'நான் ஒரு முட்டாளுங்க'. படம் முடிந்த பிறகு சந்திரபாபுவின் காமெடிப் பகுதி தனியாக எடுத்துச் சேர்க்கப்பட்டது. படத்தைத் தூக்கி நிறுத்தியது அதுதான் என்று திரையுலகில் சொல்வார்கள். அந்த நேரத்தில் அவருடைய மதிப்பு அவ்வளவு.

கடைசியாக 'அன்னை' (1962) படத்தின் 'புத்தியுள்ள மனிதரெல்லாம்', 'ஆண்டவன் கட்டளை' (1964) படத்தின் 'சிரிப்பு வருது'. இரண்டும் கண்ணதாசன் எழுதியவை. துள்ளல் குறைந்து குரலில் ஒரு கசப்பு ஏறியிருக்கும். முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் புரியும்.

ஏன் விழுந்தார்?

அவருக்கு வெறும் காமெடியனாக இருப்பது போதவில்லை. 1960இல் கண்ணதாசன் தயாரித்த 'கவலை இல்லாத மனிதன்' படத்தில் கதாநாயகன் ஆனார். 1966இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தை இயக்கினார். எம்.ஜி.ஆரை வைத்து அவர் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' பாதியிலேயே நின்றது. போட்ட பணம் போனது, கடன் ஏறியது, ஆசையாகக் கட்டிய வீடும் கைவிட்டுப் போனது. 1958இல் நடந்த திருமணமும் நிலைக்கவில்லை. குடி அதிகமானது.

இதைக் குடியின் கதையாக மட்டும் சுருக்கிவிடுவது சுலபம். ஆனால் அன்றைய தமிழ் சினிமாவின் கணக்கையும் பார்க்க வேண்டும். எல்விஸ் போல பாட்டாலேயே நட்சத்திரமாக இருக்க இங்கே இடமே இல்லை. தனி இசைத்தட்டு, மேடைச் சுற்றுப்பயணம் என்று ஒரு பாப் பாடகன் பிழைக்கும் வழிகள் உருவாகவில்லை. பாட வேண்டுமென்றால் படத்தில் ஒரு வேடம் வேண்டும். அவருக்குக் கிடைத்த வேடம் காமெடியன். அந்த எல்லையைத் தாண்ட அவர் சொந்தக் காசைப் போட்டார், எல்லாமே போனது.

'அடிமைப் பெண்' (1969) போன்ற படங்களில் சின்ன வேடங்களில் தலைகாட்டினார். 1974 மார்ச் 8 அன்று சென்னையில் இறந்தார். வயது 46.

இப்போது ஏன் கேட்க வேண்டும்?

இன்று தமிழில் சுயாதீனப் பாடகர்கள் படம் இல்லாமலேயே பாட்டு வெளியிடுகிறார்கள், மேடை ஏறுகிறார்கள், அதில் வாழவும் முயல்கிறார்கள். சந்திரபாபுவுக்கு அது கிடைக்கவில்லை. அதனால் அவருடைய பாட்டுகள் பல படங்களின் காமெடிக் காட்சிகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. படத்தையும் காட்சியையும் தள்ளிவைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வெறும் பாட்டாகக் கேளுங்கள். ஒரு பாட்டுக்கு மூன்று, நான்கு நிமிடம்தான். இந்த ஆறு பாட்டும் நாகர்கோவில் வருவதற்குள் முடிந்துவிடும்.