பழநிக்குச் செல்லாத பாம்பன் சுவாமிகள்

அடியார்கள் வாழ்வில் திருவருட் குறிப்பு என்பது பலகாலும் பேசப்படுவது. கனவில் ஒரு திருவுருவம் தோன்றுதல், உற்ற துன்பத்தின்போது முன்பின் அறியாதார் ஒருவர் வந்து உதவுதல், சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்தவிடத்து நினைத்த பூவே வருதல் என்னும் இவையெல்லாம் நம் இல்லங்களில் நாடோறும் கேட்கப்படும் செய்திகளாம். இவற்றுள் எது ஆண்டவன் குறிப்பு, எது நம் உள்ளத்து விருப்பத்தின் நிழல் என்று பிரித்தறிவது எளிதன்று. அவ்வேறுபாட்டைத் தம் வாழ்வையே உரைகல்லாக்கி உலகிற்குக் காட்டியவர் பாம்பன் ஸ்ரீமத் குமரகுருதாச சுவாமிகள் ஆவர். அருட்குறிப்புக்கள் பல பெற்றவர் என்று அன்பர்கள் அவரைப் போற்றுகின்றனர். பெறாத குறிப்பு ஒன்றைப் பெற்றதாகச் சொல்லிவிட்ட ஒரே சொல்லுக்காக, அதன்பின் வாழ்ந்த காலமெல்லாம் ஒரு தலத்தைக் காணாமலே நோன்பு காத்தவர் அவர் என்பதும் அதனோடு ஒப்பப் போற்றத்தக்கது.

சுவாமிகள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இராமேச்சுரத்தை அடுத்த பாம்பனில், சாத்தப்ப பிள்ளை, செங்கமலத்தம்மையார் என்னும் பெற்றோர்க்கு மகனாராய்த் தோன்றினார். இளமையில் வழங்கிய பெயர் அப்பாவு என்பது. அருணகிரிநாதரைத் தம் ஞானகுருவாக உள்ளத்தில் இருத்திக்கொண்ட அப்பிள்ளைக்கு, வயது 13 அளவில் முருகப்பெருமானைப் பாடவேண்டும் என்னும் வேட்கை எழுந்தது. நாளுக்கு ஒரு பாடல் பாடிய பின்னரே உணவு கொள்வது என்று உறுதி பூண்டு, 100 நாளில் 100 பாடல் பாடி முடித்தார். சேது மாதவ ஐயர் என்னும் பெரியார் அவரது பக்குவத்தைக் கண்டு, இராமேச்சுரத்து அக்கினி தீர்த்தக் கரையில் ஆறெழுத்து மந்திரத்தை உபதேசித்தருளினார்.

இல்லறத்தை வெறுத்து ஓடியவரல்லர் சுவாமிகள். காளிமுத்தம்மையாரை மணந்து, ஆண்மக்கள் இருவரும் பெண்மகவு ஒன்றுமாக மூவரைப் பெற்று, தந்தையார் விட்ட தொழிலையும் குடும்பப் பொறுப்பையும் தாங்கிநின்றார். அக்காலத்து நிகழ்ந்ததாக வழங்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஓர் இரவு குழந்தை சிவஞானாம்பாள் ஓயாது அழுதது. அம்மையார் பலவாறு தேற்றியும் அழுகை அடங்கவில்லை. திருநீறு இட்டுத் தரும்படி கணவரை வேண்டினார். சுவாமிகளோ அதற்கு இசையாமல், முருகனையே வேண்டிக்கொள்ளும்படி கூறித் தம் தியானத்தில் அமர்ந்துவிட்டார். சிறிது நேரத்தில் காவியுடுத்த ஒருவர் வந்து, குழந்தையை வாங்கித் திருநீறு பூசித் தாயின் கையில் மீளக் கொடுத்துச் சென்றார். குழந்தை அமைதியாக உறங்கியது. வந்தவர் யார் என்பதை எவரும் அறிந்திலர். இங்கே உற்று நோக்கத்தக்கது, வந்தவரினும் வாராதிருந்த ஒன்றேயாம். தம் கையால் நீறிட்டு, அதனால் நோய் தீர்ந்தது என்னும் பெயரைப் பெற அவர் விரும்பவில்லை. அருள் செய்வோன் ஒருவன் இருக்க, அவ்வருளுக்குத் தாம் உரிமை கொண்டாடுதல் ஆகாது என்பது அவர் துணிபு.

அத்தகைய துணிபுடையாரும் ஒருமுறை வழுவினார். அவர் வரலாறு நமக்கு மிகப்பெரிய படிப்பினையைத் தருவது இவ்விடத்திலேதான்.

ஆண்டு 1891. சண்முக கவசம் என்னும் பாராயண நூல் தோன்றிய ஆண்டும் அதுவே. உயிரெழுத்துப் 12, மெய்யெழுத்துப் 18 என்னும் முறைவைப்பில் 30 பாடல்களால் அமைந்த அந்நூல், இன்று எண்ணிறந்த இல்லங்களில் நோயுற்றார் தலைமாட்டில் ஓதப்படுகிறது. அவ்வாண்டிலே சுவாமிகட்குத் துறவுள்ளம் முதிர்ந்தது. பழநிக்குச் சென்று துறவு பூணலாம் என்று எண்ணினார். அவ்வெண்ணத்தை நண்பர் அங்கமுத்துப் பிள்ளையிடம் வெளியிட்டார். மனைவி மக்களை விட்டுச் செல்லுதல் தகுமோ என்னும் கவலையினால், இது முருகன் கட்டளையோ என்று நண்பர் வினவினார். ஆம் என்று சுவாமிகள் விடையிறுத்தார். கட்டளை எதுவும் கிடைத்ததில்லை. நண்பரின் மறுப்பை அடக்குதற்கு அவ்வொரு சொல் போதுமானதாயிருந்தது, அதனால் சொன்னார்.

அன்றைய தினமே முருகப்பெருமான் சினங்கொண்ட தோற்றத்தனாய் வானில் காட்சி தந்து, தன் பெயரால் பொய் கூறியது முறையோ என்று கடிந்தான் என்று வரலாறு கூறும். தமக்கென்று ஒரு பயனும் கருதாது உயிர்க்கு உறுதி நாடியே அங்ஙனம் கூறியதாகச் சுவாமிகள் விண்ணப்பித்தார். பெருமான் அதனை ஏற்றிலன். தான் அழைக்கும் வரையில் பழநிக்கு வரலாகாது என்று விலக்கி, அங்ஙனமே நடப்பதாக வாக்கும் பெற்று மறைந்தான். அவ்வழைப்பு பின்னர் வரவேயில்லை. காசி முதலிய தலங்களுக்குச் சென்று வழிபட்ட அப்பெருந்தவத்தர், முருகனடியார் எவரும் ஒருமுறையேனும் காண விழையும் பழநியை மட்டும் இறுதிவரை அணுகிலர்.

இச்சிறு பொய்க்கு இத்துணைப் பெரிய தண்டம் வேண்டுமோ என்று ஒருவர் கேட்கலாம். சுவாமிகள் பொருள் விரும்பிப் பொய் சொல்லவில்லை. எவர்க்கும் தீங்கு நினைக்கவுமில்லை. துறவு என்னும் தூய நோக்கமே உடையராயிருந்தார். எனினும் சித்தாந்த நெறியில் நின்று காணுங்கால் அதன் பெருங்குற்றம் விளங்கும். உயிர் திருவருளின் வழி நிற்றற்கு உரியது. தன் விருப்பத்தை முன்னே நிறுத்தி, அதற்கு இறைவன் கட்டளை என்று பெயரிடும்பொழுது, உயிர் ஆணையிடுவதும் அருள் அதன் பின்னே செல்வதுமாக முறை பிறழ்ந்துவிடுகிறது. அரசன் அறியாமல் ஓலை எழுதி அரசமுத்திரை இட்டவன், அவ்வோலையில் எழுதியது நல்லதேயாயினும், குற்றத்தினின்றும் நீங்கான். யான் என்னும் ஆணவம் பொருளிலும் புகழிலும் ஒளிந்திருப்பதை நாம் எளிதில் கண்டுகொள்வோம். பக்தியின் உள்ளே ஒளிந்திருக்கும்பொழுது அதனைக் காண்பது அரிது. அதனை வெளிப்படுத்திக் களைதற்பொருட்டே பெருமான் சினந்தான். அத்தகைய சினமும் அருளேயாம். சைவர் அதனை மறக்கருணை என்பர்.

அத்தண்டத்தின் பயன் மூன்றாண்டில் வெளிப்பட்டது. 1894ஆம் ஆண்டு இராமநாதபுரத்தை அடுத்த பிரப்பன்வலசையில், சுடுகாட்டுப் பகுதியில் சதுரமாக ஒரு குழி வெட்டுவித்து, அதனுள் அமர்ந்து சுவாமிகள் தவமிருந்தார். முருகன் காட்சி தந்தாலன்றி எழுவதில்லை என்பது அவர் உறுதி. அச்சுறுத்தும் இடையூறுகள் பலவற்றையும் ஆறெழுத்தின் துணையால் கடந்தார். அந்நாள்களுள் முனிவர் இருவரோடு பெருமான் எழுந்தருளி, ஒரு மொழியை உபதேசித்து மறைந்தான். அம்மொழியையே நினைந்து சுவாமிகள் தவத்தைத் தொடர்ந்தார். 35ஆம் நாளில், எழுக என்னும் குரல் ஒன்று கேட்டது. கேட்டவுடன் எழுந்தாரல்லர். முருகன் கட்டளையானாலன்றி எழேன் என்று மறுத்து, அது முருகன் கட்டளையே என்னும் மறுமொழி கேட்ட பின்னரே குழியினின்றும் வெளிவந்தார். அன்று சித்திரைப் பௌர்ணமி. பழநியின் பொருட்டுத் தாமே ஒரு கட்டளையைப் படைத்துக்கொண்டவர், இங்கே வந்த கட்டளையையும் யாருடையது என்று ஆராய்ந்த பின்னரே ஏற்கிறார். ஒரு தண்டம் ஓர் உயிரை எவ்வளவு உயர்த்துகிறது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

அதன்பின் அவர் குறிப்புக்களைத் தேடிச் சென்றிலர். அவையே அவரைத் தேடி வந்தன. 1895ஆம் ஆண்டில் இல்லம் துறந்து சென்னையை அடைந்தார். அறிந்தார் எவரும் இல்லாத பெருநகரம். வண்டிக்காரன் ஒருவன் அவரை வைத்தியநாத முதலி தெருவிற்கு அழைத்துச் சென்று ஒரு வீட்டின் முன் இறக்கிவிட்டான். அவ்வீட்டில் வாழ்ந்த பங்காரு அம்மையார் என்பார், அடியவர் ஒருவர் வருவார், அமுது படைக்க என்று கனவில் உணர்த்தப் பெற்றுக் காத்திருந்தனர் என்பர். வானத்து அசரீரியும் மின்னலும் அங்கே இல்லை. ஒரு வண்டிக்காரனும், இலையிட்டுச் சோறு படைத்த ஒரு தாயுமே அருளின் கருவிகளாயினர்.

உப்பு நீக்கிய எளிய உணவு, இடையறாத பாராயணம், நூல் இயற்றுதல் என அவர் நாள்கள் கழிந்தன. சுவாமிகள் அருளிய பாடல்கள் 6666 என்று கணக்கிடுவர். உரைநடையில் 32 வியாசங்களும் உள்ளன. 

1923ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள், எழுபது வயதைக் கடந்த சுவாமிகள் சென்னைத் தம்புச்செட்டித் தெருவில் நடந்து சென்றபொழுது, குதிரைவண்டி ஒன்றின் சக்கரம் காலின்மேல் ஏறிக் கணுக்கால் எலும்பை முறித்தது. அன்பர்கள் அவரை அரசாங்கப் பொது மருத்துவமனையில் சேர்த்தனர். முதுமையும் உப்பில்லா உணவும் காரணமாக எலும்பு கூடுதல் அரிது என்று மருத்துவர்கள் கருதினர். மாணாக்கருள் ஒருவராகிய சின்னசுவாமி சோதிடர் சண்முக கவசத்தை இடைவிடாது ஓதினார். முறிந்த எலும்பை வேல் தாங்கிப் பொருத்துவதை அவர் அகத்தே கண்டார் என்பர். 11ஆம் நாளாகிய 1924 சனவரி 6ஆம் நாள் இரவு, மேற்றிசை வானில் தோகை விரித்தாடும் மயில்களைச் சுவாமிகள் கண்டார். பின்னர்ச் செந்நிறக் குழவி ஒன்று தம் படுக்கையில் உடன் கிடப்பதையும் கண்டார். எலும்பு கூடியது. நடந்தே இல்லம் மீண்டார். 

மருத்துவமனையை அவர் வெறுத்தாரல்லர் என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளவேண்டும். அருள் காக்கும் என்று கூறிக் கட்டினை அவிழ்த்துவிட்டு எழுந்து செல்லவில்லை. மருத்துவர் இட்ட கட்டோடு, அவர்கள் காட்டிய படுக்கையில் கிடந்து, காப்பவன் செயலை எதிர்நோக்கியிருந்தார். அருளை நம்புதல் என்பது மனிதர் செய்யும் உதவியை மறுத்தல் அன்று. அந்நிகழ்ச்சியின் நினைவாக மார்கழி வளர்பிறைப் பிரதமையில் மயூர வாகன சேவனம் என்னும் விழா ஆண்டுதோறும் நடைபெறுகிறது. அன்று கூடுவார் பலர். அம்மயில்களைக் கண்ட கண்கள் பழநிமலையைக் காண அவாவியும் காணாதிருந்தன என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் நன்று. வானத்தில் வாகனத்தை அனுப்பிய பெருமான், பழநிக்கு வருக என்று மட்டும் அப்பொழுதும் சொன்னானல்லன். சுவாமிகளும் அதனை வேண்டிக் கேட்டதில்லை. கொடுத்த வாக்கைக் காத்தார். 1929 மே 30ஆம் நாள் அவர் இறைவன் திருவடி எய்தினார். திருவான்மியூரில் அவருடைய சமாதித் திருக்கோயில் அமைந்துள்ளது.

கதிர்காமம் என்னும் திருப்பெயரைத் தாங்கிய இப்புதுவைப் பதியில் இவ்வரலாற்றை நினைத்தல் பெரிதும் பொருந்துவதாகும். ஈழநாட்டுக் கதிர்காமத்தில் மூலத்தானம் திரையால் மறைக்கப்பட்டுள்ளது. வழிபடுவார் காண்பது திரையில் தீட்டிய ஓவியத்தையே. அங்குப் பூசை செய்யும் கப்புறாளைமார் தம் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகவே வழிபாடு ஆற்றுவர். அருள் உண்மை திரைக்குப் பின் நிற்பது. அதனை அணுகுவார் வாயடங்கி நிற்றல் வேண்டும் என்பதனை அவ்வழக்கம் நமக்கு உணர்த்தவில்லையா?

திருப்பணி செய்வார்க்கு இப்படிப்பினை இன்றியமையாதது. ஒரு கோபுரத்திற்குச் செங்கல் கொடுப்பவரும், ஒரு விளக்கிற்கு எண்ணெய் வார்ப்பவரும், தம் வாழ்வில் உண்மையாகவே ஒரு குறிப்பைப் பெற்றிருக்கலாம். அதனை உள்ளத்தே பொதிந்து வைத்துப் போற்றுதல் அழகு. பெற்றிலரேல், தம் விருப்பத்தினாலேயே இதனைச் செய்கிறேன் என்று கூறுதலில் இழிவு சிறிதும் இல்லை. உண்மையோடு கொடுத்த ஒரு காசு, ஆண்டவன் பெயரால் பொய்யுரைத்துத் திரட்டிய பொற்குவியலினும் அவன் திருவடிக்கு உவப்பானது. நம்மிடம் வந்து முருகன் உரைத்தான் என்று கூறுவாரையும் பணிவோடு ஆராய்ந்தே ஏற்கவேண்டும். குழியினுள் அமர்ந்து குரல் கேட்ட சுவாமிகளும் அங்ஙனமே செய்தார்.

குடமுழுக்கு நீர் கலசத்தில் வீழும் இந்நன்னாளில், கூடியுள்ள மெய்யன்பர் யாவரும் பொய்தீர் ஒழுக்கமும், குறிப்பறிந்து அடங்கி நிற்கும் பேறும் பெற்று இனிது வாழக் கதிர்வேற்பெருமான் திருவருள் புரிக.