கர்மவீர் பாவுராவ் பாட்டீல்

நால்வகைத் தானங்களுள் சாஸ்திர தானத்தின் பெருமையை நாம் அடிக்கடி பேசுகிறோம். அதனையே வாழ்வாக்கிக் கொண்ட கர்மவீர் பாவுராவ் பாட்டீல் அவர்கள், 1887-இல் கோலாப்பூரை அடுத்த கும்போஜில் திகம்பர ஜைனக் குடும்பத்தில் பிறந்தார். மாணவப் பருவத்தில், தீண்டாதார் எனப்பட்டோருக்கான விடுதியின் விழாவுக்குச் சென்று வந்தவர், தீட்டுக் கழிக்க நீராட மறுத்தமையால் ஜைன விடுதியினின்றும் நீக்கப்பட்டார். இதனை மறைத்துவிட்டு அவர் புகழ் பாடுவது நமக்கு அழகன்று.

1919-இல் ரயத் சிக்ஷண் சன்ஸ்தாவைத் தோற்றுவித்தார். 1924-இல் சதாரா நகரில் அமைத்த விடுதியில் எல்லாச் சாதிச் சிறுவரும் ஒன்றாக உண்டனர். அவர்களின் உணவுக்காகத் துணைவியார் இலட்சுமிபாய் தம் திருமாங்கல்யத்தையும் அளித்தார்.

தனியார் பள்ளி நடத்துவோர்க்கு அரசின் அங்கீகாரமும் மானியமும் இன்றியமையாதவை. கோப்புகளோடு அலுவலகம் அலுவலகமாக நடந்தவர்கள் இதனை நன்கறிவர். பாவுராவ் அவர்களும் மானியம் பெற்றார். ஆயினும் அதற்காக வாய்மூடி இருந்தாரில்லை. 1948-இல் ஆட்சியாளரைக் குறைகூறிப் பேசியதையொட்டிப் பம்பாய் அரசு மானியத்தை நிறுத்தியது. ஆசிரியர் ஊதியத்துக்கே இடர் வந்தது. அவரோ பள்ளிகளை மூடாது மக்களிடம் கையேந்தினார். எளிய குடியானவர்கள் கொடுத்தனர். பின்னர் அரசே மானியத்தை மீண்டும் வழங்கியது. 1959 மே 9-இல் அவர் மறைந்தபோது பள்ளிகள் யாவும் நடந்துகொண்டிருந்தன.