இளைஞரின் தந்தை புனித தொன் போஸ்கோ

இளைஞர் மன்றம் என்றதும் நம்மில் பலருக்குக் கேரம் பலகையும் திருவிழாத் தோரணமும்தாம் நினைவுக்கு வருகின்றன. தொழிலும் பிறர் சேவையும் கற்பிக்கும் இடமாக அது விளங்க முடியும் என வாழ்ந்து காட்டியவர் புனித தொன் போஸ்கோ. அவரது வரலாற்றை இவ்விழா மலரில் சுருக்கமாக நினைவுகூர்வோம்.

1815 ஆகஸ்டு 16ஆம் நாள் வட இத்தாலியில் பெக்கி என்னும் சிற்றூரில் ஏழை உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன்னே தந்தையை இழந்தார். தாய் மார்கரீத்தா அம்மையார் வயலில் உழைத்து மக்களை வளர்த்தார். சிறுவன் ஜான் பண்ணை வேலை செய்தும், தையலும் கொல்லுவேலையும் பழகியும் படித்து முன்னேறினார். அன்று பழகிய தொழில்கள் பின்னாளில் பலருக்கு வாழ்வளித்தன.

1841 ஜூன் 5இல் குருப்பட்டம் பெற்றுத் தூரின் நகரில் தங்கினார். கட்டட வேலை தேடிக் கிராமங்களிலிருந்து சிறுவர்கள் திரளாக அந்நகருக்கு வந்த காலம் அது. கபாஸோ அடிகளாருடன் சிறைச்சாலைக்குச் சென்ற இளங்குரு, விடுதலையான பையன்களே மீண்டும் கைதாகி வருவதைக் கண்டு மனம் நொந்தார். வெளியே அவர்களுக்கென்று ஒருவரும் இல்லை என்பதே காரணம் என உணர்ந்தார்.

அவ்வாண்டு டிசம்பர் 8, அமல உற்பவத் திருநாள். பூசைக்கு உதவி செய்யத் தெரியாத ஒரு கொத்து வேலைப் பையனைக் கோவில்பிள்ளை அடித்து விரட்டினார். தொன் போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்து, அன்புடன் பேசி, ஞானோபதேசம் தொடங்கினார். பர்தொலோமேயு கரெல்லி என்ற அவனோடு தொடங்கிய கூட்டம் நூற்றுக்கணக்கில் பெருகியது. பையன்களின் இரைச்சலைப் பொறாதவர்களால் இடம்விட்டு இடம் துரத்தப்பட்டு, 1846 பாஸ்கு ஞாயிறன்று வால்தொக்கோவில் ஒரு தாழ்ந்த கொட்டகையில் அது நிலைபெற்றது. ஞாயிறுதோறும் பூசை, ஞானோபதேசம், விளையாட்டு. மாலைகளில் எழுத்தும் கணக்கும். மெட்ரிக் அளவை நாட்டில் நடைமுறைக்கு வந்தபோது அதை விளக்கி எளிய நூலும் எழுதினார்.

வேலைக்குச் சென்ற பையன்களை அவர் கைவிட்டுவிடவில்லை. 1852இல் ஒரு தச்சரோடு முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமிட்டார். தொழிலை முறையாகக் கற்பிக்க வேண்டும், ஞாயிறன்று ஓய்வு தர வேண்டும், வாயால் திருத்தலாமேயன்றி அடிக்கலாகாது என்பன அதன் நிபந்தனைகள். எளிய பையனுக்காகக் குரு ஒருவர் பொறுப்பேற்றுக் கையொப்பமிட்டதை நாம் சிந்திக்க வேண்டும். 1853 முதல் செருப்பு, தையல், புத்தகம் கட்டுதல், தச்சு, அச்சுத் தொழிற்கூடங்களை வால்தொக்கோவிலேயே ஒவ்வொன்றாக அமைத்தார்.

1854இல் தூரினில் காலரா பரவியது. நோயாளியைத் தொடச் சொந்தங்களும் அஞ்சின. தொன் போஸ்கோ அழைத்ததும் அவருடைய பிள்ளைகள் 44 பேர் முன்வந்தனர். கை கழுவ ஆளுக்கொரு புட்டி காடியுடன் வீடு வீடாகச் சென்று பணிவிடை செய்தனர். மார்கரீத்தா அம்மையார் வீட்டிலிருந்த துணிகளையெல்லாம் எடுத்துக் கொடுத்தார். பிள்ளைகளில் ஒருவரையும் நோய் தொடவில்லை. ஊரார் போக்கிரிகள் என்று ஒதுக்கிய கூட்டத்தைச் சேர்ந்தவர்களே அந்நாளில் ஊரைத் தாங்கினர்.

1859இல் சலேசிய சபையைத் தோற்றுவித்த அவர், 1888 ஜனவரி 31இல் இறைவனடி சேர்ந்தார். 1934 பாஸ்கு ஞாயிறன்று பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். 1906இல் தொமாத்திஸ் அடிகளார் தலைமையில் சலேசியர் தஞ்சைக்கு வந்தபோது அவ்வொளி தமிழகத்தையும் எட்டியது.

நம் பங்கிலும் கொத்தனார், தச்சர், தையற்காரர், ஆசிரியர் இருக்கிறோம். தெருமுனையில் பொழுது போக்கும் பிள்ளைகளும் நம்மவரே. அவர்களைக் குறை கூறுவது எளிது. ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் அவர்களுக்கெனக் கொடுத்தால், கற்ற தொழிலைக் கற்பித்தால், நோயுற்றோர் வீட்டுக்கு அவர்களையும் அழைத்துச் சென்றால், அதுவே நம் விழாவின் நிலையான நினைவுச்சின்னமாகும். புனித தொன் போஸ்கோ நமக்காக வேண்டிக்கொள்வாராக!