நா எழாத வழக்கறிஞர்

காந்தியடிகள் என்றவுடன் அஞ்சாமையே நம் நினைவிற்கு வருகிறது. ஆயின் அவ்வஞ்சாமை அவருக்குப் பிறவியில் வாய்த்த செல்வம் அன்று.

1869-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், இளமையில் இருளுக்கு நடுங்கியவர். ஒருபுறம் பேயும், மறுபுறம் திருடனும், வேறொருபுறம் பாம்பும் வருவதாக எண்ணி, விளக்கில்லாத அறையில் உறங்கமாட்டார். சிறுவயதிலேயே அவரை மணந்த கஸ்தூரிபாவுக்கோ அத்தகைய அச்சம் சிறிதும் இல்லை. பள்ளி விட்டதும் எவரேனும் பேச்சுக் கொடுப்பரோ என்று வீட்டிற்கு ஓடிவிடுவாராம். இத்தகைய பிள்ளை வகுப்பிற்கு ஒருவரேனும் இருப்பதை ஆசிரியப் பணி செய்தோர் அறிவர்.

1888-இல் அவர் சட்டம் பயில இங்கிலாந்து செல்ல விழைந்தபோது, மகன் நெறி தவறுவானோ என்று அன்னை புத்லிபாய் கலங்கினார். அக்கலக்கத்தைத் தீர்த்தவர் பேச்சர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவி. மது, மாது, புலால் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்று அவர் முன்னிலையில் விரதம் ஏற்ற பின்னரே அன்னையார் விடைகொடுத்தார்.

விரதத்தைக் காத்தவருக்கு நாவினைப் பழக்க இயலவில்லை. இலண்டன் மரக்கறி உணவினர் சங்கத்தின் செயற்குழுவில், தாம் எழுதிச் சென்ற கருத்தைத் தாமே படிக்கத் துணிவின்றிப் பிறரைக் கொண்டு படிக்கச் செய்தார். 1891-இல் தாயகம் திரும்புமுன் நண்பர்களுக்கு அளித்த விருந்திலும், மனப்பாடம் செய்திருந்த சில வரிகளுள் முதல் வரிக்கு மேல் எழவில்லை.

அவ்வாண்டு பம்பாயில் வந்திறங்கியபோது அன்னையார் உயிருடன் இல்லை. அவ்வேளையில்தான் ஸ்ரீமத் ராஜசந்திரரின் நட்பு கிட்டியது. தம்மினும் இரண்டே வயது மூத்தவராய், முத்தும் வைரமும் வணிகம் செய்துகொண்டே ஆன்ம சிந்தனையில் திளைத்த அப்பெரியார், பிற்காலம் முழுவதும் அவர் உள்ளத்தில் நிலைபெற்றார்.

வழக்குமன்றத்தில் நிகழ்ந்ததோ வேறு. பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் 30 ரூபாய் ஊதியத்திற்கு ஏற்ற முதல் வழக்கில், குறுக்கு விசாரணைக்கு எழுந்தவருக்குத் தலை சுழன்றது; ஒரு வினாவும் தோன்றவில்லை. அமர்ந்துவிட்டார். ஊதியத்தைத் திருப்பித் தந்து வெளியேறினார். பின்னர், நாள்தோறும் ஒரு மணி நேரம் ஆங்கிலம் கற்பிக்கும் பணிக்கு 75 ரூபாய் சம்பளம் என்ற விளம்பரம் கண்டு விண்ணப்பித்தார். பட்டதாரி அல்லர் என்று அதுவும் மறுக்கப்பட்டது.

1893-இல் ஒரு வணிக நிறுவனத்தின் வழக்கிற்கு உதவத் தென்னாப்பிரிக்கா சென்றார். முதல் வகுப்புச் சீட்டு இருந்தும் மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் இரயிலிலிருந்து இறக்கப்பட்டார். கடுங்குளிர். மேலங்கி இருந்த பெட்டியோ நிலையத்தார் வசம். கேட்டால் மீண்டும் அவமதிப்பரோ என்று கேளாமலே நடுங்கியபடி அமர்ந்திருந்தார். அச்சம் அப்போதும் நீங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அச்சத்துடனேயே, திரும்பி ஓடுவதில்லை என்று முடிவு செய்தார். அடுத்த நாள் குதிரைவண்டிப் பயணத்தில் வண்டித் தலைவன் அடித்தபோதும் பித்தளைக் கம்பியைப் பற்றிய கையை விடவில்லை.

பிரிட்டோரியா சேர்ந்ததும் அங்குள்ள இந்தியர்களைக் கூட்டி, வணிகத்தில் வாய்மை பற்றி உரையாற்றினார். அதுவே அவருடைய முதல் பொதுச் சொற்பொழிவு. ஊதியமோ வாதத் திறமையோ பொருட்டாக இல்லாத இடத்தில், பிறர் நலன் ஒன்றையே கருதியபோது நா எழுந்தது என்றே கருதுகிறேன். ஆங்கிலம் கற்க விரும்புவோருக்குக் கற்பிப்பதாகவும் கூறினார். மூவர் முன்வந்தனர்: நாவிதர் ஒருவர், எழுத்தர் ஒருவர், சிறுகடைக்காரர் ஒருவர். அவர்கள் இருப்பிடத்திற்கே சென்று ஏறத்தாழ எட்டுத் திங்கள் கற்பித்தார். ஆசிரியப் பணி மறுக்கப்பட்டவர் ஆசிரியரான இப்பகுதியே எனக்கு மிகவும் உவப்பானது.

1894-இல் சமய ஐயங்கள் எழவே, ராஜசந்திரருக்கு 27 வினாக்களை எழுதி அனுப்பினார். அவற்றுள் ஒன்று: கடிக்க வரும் பாம்பைக் கொன்றுதான் தன்னைக் காக்க இயலும் எனில், யாது செய்வது? உடல் அழியக்கூடியது என்று உணர்ந்தவர், அவ்வுடலைக் காக்க மற்றோர் உயிரைக் கொல்வது தகாது என்னும் கருத்தில் விடை வந்தது. இருளில் பாம்பு வருமென்று நடுங்கிய சிறுவர் கேட்ட வினா இது!

1897 ஜனவரி 13-இல் டர்பன் துறைமுகத்தில் இறங்கியவரை வெள்ளையர் கூட்டம் சூழ்ந்து, கல்லும் அழுகிய முட்டையும் எறிந்து, நினைவிழக்கும் அளவிற்குத் தாக்கியது. காவல் கண்காணிப்பாளரின் மனைவியார் குடையை விரித்துக் குறுக்கே நின்று காத்தார். தாக்கியோர் மீது வழக்குத் தொடுக்க அரசே முன்வந்தது. காந்தியடிகள் மறுத்தார். எழுத்தில் தர இயலுமா என்று கேட்டபோது, எவரையும் கலந்துகொள்ளாமல், அங்கேயே தாள் வாங்கி எழுதிக் கொடுத்தார்.