சந்திரலேகா அம்மையார்

துப்பாக்கி வந்தபின் வாளும் கேடயமும் எதற்கென்று களரிப்பயிற்றைப் பழிப்போர் உளர். அவர்க்கு அரங்கில் விடை காட்டியவர் சந்திரலேகா அம்மையார்.

1928இல் மகாராட்டிரத்து வாடா என்னும் ஊரிற் பிறந்த இவர், சட்டப்படிப்பைத் துறந்து, காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் பயின்றார். 1952இல் இராயலசீமை வறட்சி நிதிக்காக நடந்த தம் அரங்கேற்றத்தில் யமுனை நீர்விளையாட்டை அபிநயிக்கையில், நீரின்றி வெடித்த நிலமே அவர் மனக்கண்முன் நின்றதாம். அந்த உறுத்தல் அவரை விடவில்லை. பின்னர் நெடுங்காலம் மேடையை விட்டு விலகியிருந்தார்.

சென்னை எலியட்ஸ் கடற்கரையருகே வாழ்ந்த அம்மையார், 1985இல் 'அங்கிகா'வை அமைத்தார். தேவர் கதையும் அணிமணியும் அதில் இல்லை. யானை, சிங்கம் முதலிய களரி வடிவுகளும் யோகமும் பரதமும் ஓருடலின் மொழிகளாய் நின்றன. பகைவரை வீழ்த்த எழுந்த பயிற்சி, இக்காலத்தார் கூனிய முதுகை நிமிர்த்தும் என்பது அவர் துணிபு. பரதத்திற் போர்க்கலை கலப்பதோ என்று முகஞ்சுளித்தாரும் இருந்தனர். அரைமண்டியிற் கால்நாழிகை நின்று பார்த்தவர் அங்ஙனம் உரையார் என்பது நம் கருத்து.

2001இல் அவர் இறுதிப் படைப்பாகிய 'சரீரா' தோன்றியது. அதில் களரி வல்ல ஷாஜி ஜான் ஆடினார். அம்மையார் 2006 டிசம்பர் 30இல் மறைந்தார். 'சரீரா' அதன்பின்னும் பல்லாண்டு பிறநாட்டு அரங்குகளில் ஆடப்பெற்றது.