குருதியின் வகை கண்ட பேரறிஞர் லாண்ட்ஸ்டைனர்

ஒருவர் குருதியை மற்றொருவர் உடலிற் செலுத்தி உயிர் காக்கும் முறை இந்நாளிற் சிற்றூர் மக்களும் அறிந்ததொன்றாம். ஆயின், அம்முறையே உயிரைப் போக்கிய காலமும் உண்டு. அவ்வச்சத்தைப் பெரிதும் நீக்கியவர் கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்னும் அறிஞர். அவர் வரலாற்றை நம் அன்பர்கள் அறிதல் நலமெனக் கருதி, ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

இவர் ஆஸ்திரியா தேசத்தில், வியன்னா மாநகர்க்கு அண்மையிலுள்ள பாடன் என்னும் ஊரில், 1868ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14ஆம் நாள் பிறந்தார். பத்திரிகைத் தொழிலிற் பெயர்பெற்ற தந்தையார், இவர் ஆறு வயதுச் சிறுவராயிருந்தபோதே காலஞ்சென்றார். அன்னையாரே இவரை வளர்த்து ஆளாக்கினார். அவர்பால் இவர் கொண்ட அன்பு அளவிடற்கரியது. அன்னையார் மறைந்தபோது அவர்தம் முகத்தினின்று எடுத்த அச்சுருவை, இவர் தம் அறைச் சுவரில் வைத்துப் போற்றி வந்தார்.

1891இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற இவர், அதனோடு அமையாது, எமில் பிஷர் முதலிய பேராசிரியர்களை அடுத்து இரசாயன நூலும் பயின்றார். 1898 முதல் பத்தாண்டுகள் வியன்னாவில் பிணங்களை அறுத்து நோயின் காரணம் காணும் பணியில் அமர்ந்து, ஏறத்தாழ 3,600 உடல்களை ஆராய்ந்தார்.

இவர்க்கு முன் நிகழ்ந்தவற்றையும் சிறிது கூறுவாம். 1667இல் பிரான்சு தேசத்து மருத்துவர் டெனி என்பார் ஆட்டுக்குட்டியின் குருதியை மனிதர்க்கு ஏற்றினார். கேடு விளையவே, அம்முறை பின்னர்த் தடுக்கப்பட்டது. 1818இல் இலண்டன் மருத்துவர் பிளண்டல் மனிதர் குருதியையே மனிதர்க்கு ஏற்றினார். பிழைத்தாரும் உளர், இறந்தாரும் உளர். அவ்வேறுபாட்டின் காரணம் விளங்கவில்லை. ஒருவர் குருதி மற்றொருவர் குருதியோடு கலந்து திரளுதல் நோயின் குறியெனப் பலர் எண்ணினர்.

லாண்ட்ஸ்டைனரோ, நோயற்றாரிடத்தும் அது நிகழுமோ என ஐயுற்றார். தம் குருதியையும் உடன் பணிபுரிவோர் குருதியையும் எடுத்து, தெளிநீரையும் சிவப்பணுக்களையும் தனித்தனியே பிரித்து, ஒவ்வொருவர் தெளிநீரையும் மற்றையோர் அணுக்களோடு கலந்து நோக்கினார். சில கலவைகள் திரண்டன, சில திரண்டில. திரண்டவையும் திரளாதவையும் ஓர் ஒழுங்குபட நிற்றலைக் கண்டு, மக்கட்குருதி மூவகைப்படும் என 1901இல் வெளியிட்டார். அவை ஏ, பி, பின்னர் ஓ எனப் பெயர் பெற்ற வகை என்பன. நான்காவதாகிய ஏபி வகையை அடுத்த ஆண்டில் டெகாஸ்டெல்லோ, ஸ்டூர்லி என்னும் இருவர் கண்டனர்.

இத்துணைப் பெரிய உண்மையை உலகம் உடனே போற்றிற்றில்லை. 1907இல் நியூயார்க்கு நகரத்து மருத்துவர் ஆட்டன்பெர்க் குருதியின் பொருத்தம் நோக்கிய பின்னரே ஏற்றும் முறையைக் கைக்கொண்டார். லாண்ட்ஸ்டைனர் இதனிடையே இளம்பிள்ளைவாத நோய் கிருமியாகிய வைரசால் வருவதென்பதை 1909இல் பாப்பர் என்பாரோடு வெளியிட்டார்.

முதல் உலகப் போருக்குப்பின் வியன்னாவை வறுமை சூழ்ந்தது. அவர் 1919இல் ஹேக் நகரஞ்சென்று, ஒரு சிறு மருத்துவமனையில் குருதியும் நீரும் சோதிக்கும் எளிய பணியை ஏற்றார். பின்னர் நியூயார்க்கு ராக்பெல்லர் நிலையம் அவரை அழைத்துக்கொண்டது. 1930இல் நோபல் பரிசு அவரைச் சேர்ந்தது. கண்டுபிடித்ததற்கும் பரிசுக்கும் இடையே இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன! 1940இல், தம் எழுபத்திரண்டாம் வயதில், வீனர் என்பாரோடு ஆர்எச் என்னும் குருதிக் கூற்றையும் வெளிப்படுத்தினார். 1943 ஜூன் 24இல் ஆராய்ச்சிக் கூடத்திற் பணி செய்துகொண்டிருந்தபோதே மாரடைப்புற்று, இரண்டாம் நாள் உயிர் நீத்தார்.

அன்பர்காள்! உடன்பிறந்தார் குருதி ஒவ்வாது போதலும், முன்பின் அறியாதார் குருதி ஒத்து உயிர் காத்தலும் உண்டு. போர்க்காலத்திற் சலோனிகாவில் இந்தியர் உள்ளிட்ட பல நாட்டினர் குருதியை ஹிர்ஷ்பெல்டு தம்பதியர் சோதித்து 1919இல் வெளியிட்டபோது, இவ்வகைகள் எல்லா மக்களிடத்தும் கலந்து கிடத்தலும், அளவு மட்டுமே வேறுபடுதலும் புலனாயின. குலத்தின் பெயராற் கூடும் நாம் இவ்வுண்மையை மறத்தல் ஆகாது. லாண்ட்ஸ்டைனர் பிறந்த ஜூன் 14ஆம் நாள் 2004 முதல் உலகக் குருதிக்கொடை நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது. நம் இளைஞர் ஒவ்வொருவரும் தம் குருதியின் வகையை அறிந்துவைத்து, கேட்டார் யாவராயினும் முகமறியாது ஈவாராக. அதுவே அவ்வறிஞர்க்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாம்.