மீண்டும் ஒருமுறை கரைத்தவர்

சென்ற தவணை எமது இரசாயன ஆய்வுகூடத்தில் பொற்றாசியம் நைத்திரேற்றும் கறியுப்பும் சேர்ந்த கலவையைப் பிரித்தோம். சுடுநீரில் கரைத்து ஆறவைத்ததும் ஊசி போன்ற வெண்பளிங்குகள் தோன்றின. வேலை முடிந்தது என்று மகிழ்ந்தேன். அவற்றில் சிறிதைக் கரைத்து வெள்ளி நைத்திரேற்றுச் சேர்த்தபோது வெண்ணிற வீழ்படிவு வந்தது. கறியுப்பு இன்னும் போகவில்லை. மீண்டும் கரைக்கும்படி ஆசிரியை கூறினார். நான் முகம் சுளித்தேன். அப்போதுதான் அவர் மேரி கியூரி அம்மையாரைப் பற்றிச் சொன்னார்.

மேரி 1867ஆம் ஆண்டு, ரஷ்ய ஆட்சிக்குட்பட்டிருந்த போலந்தின் வார்சோ நகரில் பிறந்தார். அங்கே பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடமில்லை. ஆகவே அவரும் மூத்த சகோதரி புரோனியாவும் ஓர் உடன்பாடு செய்தனர். மேரி பிறர் வீடுகளில் தங்கிப் பிள்ளைகளுக்குக் கற்பித்துப் பணம் அனுப்ப, புரோனியா பாரிஸில் வைத்தியம் படித்தார். பின்னர் அக்கா கைகொடுக்க, 1891இல் மேரி பாரிஸ் சென்றார். 1893இல் பௌதிகவியல் பட்டப் பரீட்சையில் முதலிடம் பெற்றார். 1895இல் விஞ்ஞானி பியர் கியூரியை மணந்தார்.

1898இல் இருவரும் யுரேனியக் கனியமொன்றை ஆராய்ந்து பொலோனியம், ரேடியம் எனும் புதிய மூலகங்களை அறிவித்தனர். ஆனால் நிறுத்துக் காட்ட முடியாத ஒன்றை மூலகமென ஏற்க இரசாயனவியலாளர் தயங்கினர்.

மேரி கூரை ஒழுகும் ஒரு கொட்டகையில் வேலையைத் தொடங்கினார். தொன் கணக்கான கனியக் கழிவை, ஒரு தடவைக்கு 20 கிலோ வரை கொதிக்கவைத்து, தன் உயரமுள்ள இரும்புக்கோலால் கிளறினார். இறுதியில் பேரியம் குளோரைட்டும் அதனுள் மிகச் சிறிதளவு ரேடியம் குளோரைட்டும் எஞ்சின. இரண்டும் இயல்பில் மிக நெருங்கியவை. ஆனால் ரேடியம் உப்பின் கரைதிறன் குறைவு. எனவே கரைசல் ஆறும்போது தோன்றும் பளிங்குகளில் ரேடியத்தின் பங்கு சற்றுக் கூடியிருக்கும். அப்பளிங்குகளை மீண்டும் கரைத்தார், மீண்டும் ஆறவைத்தார். நிலக்கரித் தூசி விழுந்து வேலையைக் கெடுத்தாலும் விடவில்லை. 1902இல் கிடைத்தது 0.1 கிராம் ரேடியம் குளோரைட்டு. அதைக்கொண்டு ரேடியத்தின் சாரணுத்திணிவு 225 எனக் கணித்தார். இன்றைய பெறுமானம் 226.

1903இல் கணவருடனும் பெக்கரலுடனும் பௌதிகவியல் நோபல் பரிசைப் பகிர்ந்தார். 1906இல் கணவர் வீதி விபத்தில் இறந்தார். 1911இல் இரசாயனவியல் நோபல் பரிசைத் தனித்தே பெற்றார். ரேடியத்தைப் பிரிக்கும் முறைக்கு அவர்கள் காப்புரிமை பெறவில்லை. 1934இல் மேரி குருதி நோயால் மறைந்தார். நீண்டகாலம் கதிர்வீச்சுக்கு உட்பட்டதே அதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது.

நான் மூன்றாம் முறை கரைத்தபோது வீழ்படிவு வரவில்லை. பளிங்குகளோ முதலில் கிடைத்ததில் பாதியளவுகூட இல்லை.

எங்கள் வீட்டில் மேரியின் இடத்தில் இருப்பவர் என் ராத்தா. தன் படிப்பை நிறுத்தி, முன்பள்ளியில் கற்பித்து, என் வகுப்புக் கட்டணத்தைக் கட்டுகிறார். அன்றிரவு அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அடுத்த முறை உங்களுடையது என்றேன். முதலில் நீ சோதனையை எழுது என்று சிரித்தார். ஆனால் மறுநாள் அவருடைய பழைய புத்தகங்கள் அலுமாரியிலிருந்து மேசைக்கு வந்திருந்தன.